பீபீ துவக்குக்கு ஒரு தகுதிப் பரீட்சை

என் வாழ்க்கையில் நான் நடத்திய பரீட்சை ஒன்றே ஒன்றுதான். அதில் பரீட்சை எழுதியவள் பாஸ். வினாத்தாள் தயாரித்து, மேற்பார்வை செய்து, புள்ளியும் போட்டவன் பெயில். இதற்காக எங்கள் வீட்டில் பதினெட்டு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் சிரிக்கலாம், நான் கோபிக்க மாட்டேன்.

சிட்னியின் டூங்கபியில் நாங்கள் வீடு வாங்கி இரண்டாவது வருடம் அது. எங்கள் ஒரே மகள் அபிக்குப் பத்தாவது பிறந்தநாள் வரப்போகிறது. என்ன பரிசு வேண்டும் என்று கேட்டேன். நாய்க்குட்டி என்பாள் என்று எதிர்பார்த்து, நாய் வளர்ப்பதில் உள்ள கஷ்டங்கள் பற்றி ஒரு சிறு சொற்பொழிவைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ, "பீபீ கன்" என்றாள்.

காற்றழுத்தத்தில் மிளகளவு இரும்பு உருண்டையைத் தள்ளுகிற துவக்குக்குத்தான் அந்தப் பெயர். பக்கத்து வீட்டு ரொன் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்த மனிதர். மகன் சின்ன வயதில் வைத்திருந்த பீபீ துவக்கு ஒன்று அவருடைய கராஜில் சும்மா கிடந்தது. அதை ஒருநாள் எண்ணெய் போட்டுத் துடைத்தபோது அபி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டாள். "பத்து வயதென்றால் சரியான வயது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ரொன் என்னிடம் சொன்னார். (அதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும் என்பது ரொனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.)

ஒரு பிள்ளை எந்த வயதில் துவக்குக்குத் தயார் என்று நாலு பேரிடம் கேட்டேன். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்த சென்னைக்காரர் சுந்தரம் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பொண்ணு முதல்ல செலக்டிவ் ஸ்கூல் எக்ஸாம் பாஸ் பண்ணட்டும் சார். அப்புறம் பீரங்கியே வாங்கிக் குடுங்க" என்றார்.

என் மனைவி வதனி குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கத்தி நின்றது.

"உங்களுக்கென்ன விசரே? இந்த வீட்டுக்க துவக்கோ?"

"இது விளையாட்டுச் சாமான், வதனி."

அவள் சாமித் தட்டைப் பார்த்தாள். அங்கே பிள்ளையாருக்குப் பக்கத்தில் அவளுடைய தம்பி சேகரின் படம் இருந்தது. எண்பதுகளின் நடுவில், நானும் அவனும் கொழும்புக்கு வந்த பஸ்ஸில் இருந்து அவனைச் சிப்பாய்கள் இறக்கிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. செத்துவிட்டான் என்று யாரும் சொல்லாததால் படத்துக்கு மாலை போடவில்லை. மாலை இல்லாத அந்தப் படம்தான் அவளுடைய வாதம்.

எனக்கும் ஒரு வாதம் இருந்தது. துவக்கு என்றால் வேலியில் வைத்த தகர டின்னை விழுத்துகிற சாமான் என்று மட்டும் தெரிந்த ஒரு பிள்ளையை வளர்க்க வேண்டும் என்று நான் பேராசைப்பட்டேன். நாங்கள் அதையெல்லாம் கடந்து வந்துவிட்டோம் என்று எனக்கு நானே காட்டவும் ஆசை. அதை நேரே சொல்லத் துணிவில்லாமல், பரீட்சை வைப்போம் என்றேன்.

நான் வரைபட அலுவலகத்தில் வேலை செய்தவன். கட்டம் போடுவதென்றால் எனக்குக் கொண்டாட்டம். பெரிய தாளில் கட்டம் கீறி, பொறுப்பு, பொறுமை, கீழ்ப்படிதல், கோபம் அடக்குதல் என்று தலைப்புப் போட்டு பிரிட்ஜில் ஒட்டினேன். பொறுப்புக்கு, அவித்த முட்டை அல்ல, பச்சை முட்டை ஒன்றை ஒரு வாரம் பள்ளிக்கூடப் பையில் உடையாமல் கொண்டு திரிய வேண்டும். திரிந்தாள். (ஐந்தாம் நாள் அந்த முட்டையைச் சோதிப்பதற்காகக் கையில் எடுத்துக் கீழே போட்டவன் நான்.) கோபத்துக்கு, அவள் ஆசையாக எடுத்து வைத்திருந்த கடைசி லாமிங்டன் கேக்கை அவளுக்கு முன்னாலேயே எடுத்துத் தின்றேன். அவள் என்னையும் தேங்காய்ப்பூ ஒட்டிய என் மீசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "திஸ் இஸ் பார்ட் ஒஃப் த டெஸ்ட், ரைட் டாட்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கடைசியாக விதிகள். முதலாவது விதி, உண்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் துவக்கை மனிதருக்கு நேரே நீட்டக் கூடாது. அதை நூறு தடவை தமிழில் எழுது என்றேன். எழுத்துப் பிழையோடு நூற்றிரண்டு தடவை எழுதிக்கொண்டு வந்தாள். தொண்ணூற்றாறு புள்ளி போட்டேன். தலைக்கனம் வந்துவிடக்கூடாது என்று நாலைக் குறைத்தேன்.

வதனி தாளை வாசித்தாள். "பிள்ளை பாஸ் பண்ணினது உண்மை. குடுங்கோ. ஆனா எனக்குக் காட்ட வேண்டாம்" என்றாள்.

பிறந்தநாள் சனிக்கிழமை மத்தியானம் வீட்டின் பின்வளவில் நடந்தது. அபியின் இரண்டு வகுப்புத் தோழிகள், சுந்தரமும் மனைவியும், பக்கத்து வேலிக்கு அந்தப் பக்கம் ரொன். பின் வேலியில் ஆறு டின் வைத்தோம். அபி கண்ணாடி போட்டு, மூச்சைப் பிடித்து, நாலை விழுத்தினாள். பிறகு துவக்கை, சொல்லிக்கொடுத்தபடியே, வாய் பின் வேலியைப் பார்க்க மேசையில் வைத்துவிட்டு கோர்டியல் குடிக்கப் போனாள். நான் பெருமை தாங்காமல் பாபெக்யூ அடுப்பில் சொசேஜ் பிரட்டிக்கொண்டிருந்தேன். வதனி கேக்கை எடுக்க உள்ளே போயிருந்தாள்.

எல்லாருக்கும் பரீட்சை வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சுந்தரத்துக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு.

என் பிடரியில் குளிர்ச்சியாக ஏதோ தொட்டது. "டேய்! அசையாத! கையத் தூக்கு!" என்று சினிமாப் போலீஸ் குரலில் ஒரு சத்தம்.

என்னைக் கேட்காமலே கைகள் மேலே போயின. ஒரு கையில் இடுக்கி, இடுக்கியில் சொசேஜ், சொசேஜிலிருந்து எண்ணெய் என் வழுக்கையில் சொட்டியது. அப்போதே வழுக்கைதான். புல்லில் முழங்காலில் நின்றேன். மற்றக் கையின் இரண்டு விரலால், மெதுவாக, எல்லாருக்கும் தெரியும்படி சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். அது வீடியோக் கடையின் அங்கத்துவ அட்டை.

"சூப்பர் சார்! சினிமால சான்ஸ் கேளுங்க சார்!" என்று சுந்தரம் கத்தினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரொன் கை தட்டினார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் எல்லாம் பகிடியாகவே போயிருக்கும். வாய் நிற்கவில்லை. சிங்களத்தில் சொன்னேன்: "மாத்தயா, ஐயா, இவனை எனக்குத் தெரியாது. நான் தனியத்தான் வந்தனான்."

அன்று வளவில் நின்றவர்களில் சிங்களம் விளங்கக்கூடியவள் ஒருத்திதான். கண்டியில் படித்தவள். பத்து மெழுகுதிரி எரிகிற கேக்கோடு அவள் கதவடியில் நின்றுகொண்டிருந்தாள்.

அபி ஓடி வந்தாள். "அங்கிள்! ரூல் நம்பர் வன்!" என்று சுந்தரத்தின் கையிலிருந்து துவக்கைப் பறித்து, உண்டைகளைக் கொட்டி, வேலிக்குப் போய் ரொனிடம் நீட்டினாள். "கேன் யூ கீப் இட், ரொன்? டாட்'ஸ் நாட் ரெடி."

வளவே அதிரச் சிரிப்பு. என்னை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். வதனி கேக்கை மேசையில் வைத்தாள். மெழுகுதிரிகளில் நாலு அதற்குள் அணைந்திருந்தன. அவற்றைத் திரும்பக் கொளுத்திவிட்டு, பிறந்தநாள் பாட்டையும் அவளே தொடங்கினாள்.

சேகர் விஷயத்தில் நான் அவளுக்குச் சொல்லியிருந்தது இவ்வளவுதான்: அவன் பின் சீட்டில் இருந்தான், நான் நித்திரை, விழித்தபோது அவன் இல்லை. உண்மை வேறு. விசாவுக்காகக் கொழும்புக்கு வந்தவன் நான். வதனியும் அபியும் முன்னமே அங்கே இருந்தார்கள். என் பெட்டியைத் தூக்க வழித்துணையாக வந்தவன் அவன். சோதனைச் சாவடியில் இறக்கி, பக்கத்துப் பக்கத்தில் எங்களை முழங்காலில் இருத்தினார்கள். அவனுடைய அடையாள அட்டை பஸ்ஸில் கிடந்த பைக்குள் இருந்தது. உன்னோடு வந்தவனா என்று சிப்பாய் என்னைக் கேட்டான். அடிக்கக்கூட இல்லை, கேட்டான், அவ்வளவுதான். என் பையில் விசாக் கடிதம் இருந்தது. நான் பயந்தவன். இதற்குமேல் எனக்காகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எல்லாரும் போன பிறகு வதனி கோப்பை கழுவினாள். நான் துடைத்தேன்.

"இஞ்சருங்கோ" என்றாள், திரும்பாமல். "நீங்கள் சொன்னது அவனுக்குக் கேட்டதோ?"

"ஓம். திரும்பிப் பாத்தவன்."

அவள் ஒரே கோப்பையைக் கனநேரம் கழுவினாள். பிறகு, "சுந்தரம் ஆக்கள் கேக்கை விட்டிட்டுப் போட்டினம். காரில கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ" என்றாள். நான் போனேன். அவள் கத்தியிருந்தால், ஒரு கோப்பையை எடுத்து எறிந்திருந்தால், எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் எறியவில்லை. அதைப் பற்றிப் பிறகு எப்போதும் கேட்கவுமில்லை.

"டாட்'ஸ் நாட் ரெடி" மட்டும் வீட்டில் நிலைத்துவிட்டது. நான் மோட்டர்வேயில் கார் ஓட்டப் பயந்தபோது, கைத்தொலைபேசி வாங்க மறுத்தபோது, அபியின் கல்யாணத்தில் அவளைக் கைபிடித்துக் கொடுக்காமல் ஒரு நிமிடம் நின்றபோது, எல்லாவற்றுக்கும் அதுதான். சுந்தரம் இன்றும் விருந்துகளில் இடுக்கியைத் தூக்கி என்னைப் போல் நடித்துக் காட்டுவார். (அவரில் பிழை இல்லை. அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை.) எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். வதனி தேத்தண்ணி போட எழும்பிப் போவாள். ரொனின் துவக்கு, சட்டம் இறுகிய காலத்தில், அவர் கையாலேயே போலீசுக்குப் போய்ச் சேர்ந்தது. அபிக்கு நான் அன்று சிங்களத்தில் சொன்னது என்னவென்று இன்றுவரை தெரியாது. இதை யாராவது வாசித்துக் காட்டினால் தெரிந்துகொள்வாள்.

இந்த வருடம் ஊரில் போர் முடிந்தது. வதனி கிடைத்த பட்டியல்களையெல்லாம் பார்த்தாள், தெரிந்த எல்லாருக்கும் எழுதினாள், தொலைபேசி எடுத்தாள். சேகர் எதிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்வளவில் பூப் பிடுங்கி, தானே மாலை கட்டி, என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீங்களே போடுங்கோ."

"ஏன், நீர்தானே அக்கா?"

"நீங்கள்தானே அவனைக் கடைசியாப் பாத்தது."

மாலையைப் பிடித்துக்கொண்டு கைகளைத் தூக்கினேன். படத்தின் உயரத்துக்கு வந்து அவை அப்படியே நின்றுவிட்டன. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பின்னால் நின்ற அபி, வழக்கப்படி, "டாட்'ஸ் நாட் ரெடி" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவளே சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்பதுபோல் அம்மாவைப் பார்த்தாள்.

வதனி என் கையிலிருந்து மாலையை வாங்கி, ஈரத் துணியில் சுற்றி, பிரிட்ஜில் பால் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாலு நாளைக்குத் தாங்கும்" என்றாள்.

இன்று மூன்றாவது நாள்.