டவுட் அண்ணனும் வைகைச் சுறாவும்

மதுரையில் வைகையைப் பார்த்துப் பயந்த ஒரே மனிதர் எங்கள் டவுட் அண்ணன்தான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மாடு மேய்கிற ஆறு அது. அதில் சுறா இருக்கும் என்று பயந்தார் ஐயா!

தல்லாகுளத்தில் எங்கள் ஆபீஸில் அவருக்குத் தபால் பிரிவு. எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்பார். பதிலில் பாதியைக் கேட்டதும் கிளம்பிவிடுவார். மீதியைச் சொல்ல நாம்தான் பின்னாலேயே ஓட வேண்டும்.

போன சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்க இரண்டு நாள் இருக்கும்போது போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஏதோ நாட்டு ஆற்றில் சுறா துள்ளியது.

"மாப்ள, நல்ல தண்ணியில சுறா இருக்குமா?"

"அது கடல் மீனுண்ணே. இருக்காது."

நம்பவில்லை. மீன்கடைக்குப் போய், "ஏம்மா, ஆத்துல சுறா கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

"எங்கிட்டுப் பிடிச்சா என்னண்ணே, புட்டுக்குத்தான? எம்புட்டுப் போடட்டும்?" என்றாளாம் கடைக்காரி.

அரைக் கிலோ சுறாவோடு, அவர் தெருவிலேயே இருக்கும் விலங்கியல் வாத்தியாரிடம் போனார். "காளைச் சுறான்னு ஒண்ணு ஆத்துலயும் வாழும். கடல்லருந்து மேல ஏறி வரும். ஆனா..." என்று வாத்தியார் இழுப்பதற்குள் ஆள் தெருமுனை தாண்டிவிட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முந்தின வருஷம் அண்ணிக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். பிழைத்து எழுந்தால் ஆற்றில் இறங்கி நின்று, சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றி அழகரை வரவேற்பதாக அண்ணி நேர்ந்திருந்தார். கரையில் நின்றால் போதாதா என்று இவர் கெஞ்சிப் பார்த்தார். "ஆத்துலன்னுதான் நேர்ந்தேன்," என்று அண்ணி முடித்துவிட்டார்.

மறுநாள் வாத்தியாரிடம் மீதிப் பாதியைக் கேட்டுக்கொண்டு வந்து சொன்னேன். "அண்ணே, வைகைத் தண்ணி கடலுக்குப் போறதே அபூர்வம். நடுவுல அம்புட்டுத் தடுப்பணை. இப்ப வர்றது அணையில தொறந்துவிட்ட தண்ணி."

"அப்ப அணைக்குள்ள சுறா இருந்தா?"

"அணைக்குள்ள எப்படிண்ணே வரும்?"

"அதான் மாப்ள எனக்கும் புரியல!"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்கப்புறம் நானும் போனில் ஒருமுறை தேடிப் பார்த்தேன்.

ஆற்றில் இறங்கும் நாள் விடிகாலை மூவரும் முழங்கால் தண்ணீரில் நின்றோம். தங்கக் குதிரையில் அழகர் இறங்க, "கோவிந்தா!" என்று ஊரே அலறியது. அண்ணி கையில் சூடம், கண்ணில் தண்ணீர். டவுட் அண்ணன் மட்டும் சாமிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கையில் ஒரு கம்போடு தண்ணீரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"யோவ், சாமி அங்கிட்டு வருதுய்யா!" என்று யாரோ கத்தியும் திரும்பவில்லை.

கரையேறியதும் கேட்டேன். "அழகரை நல்லாப் பாத்தீகளாண்ணே?"

"எங்கிட்டுப் பாத்தேன்? இவ காலைத்தான பாத்துக்கிட்டிருந்தேன். சுறா இருக்கோ இல்லையோ, நமக்குத் தெரியாது. வந்தா மொதல்ல என்னையக் கடிக்கட்டும்னுதான் முன்னால நின்னேன்."

திட்ட வாயெடுத்த அண்ணி, ஈரச் சேலையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இந்த மனுஷனை அண்ணே என்று கூப்பிடக் கிடைத்ததில் அன்றைக்கு எனக்கு அப்படியொரு சந்தோஷம்.