வணக்கம் செலுத்தாத மிளகாய்

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் சித்தியவான் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு நின்றுபோய், குனிவதே முழுநேர வேலையாகிவிட்டது. காலையில் ஜப்பான் ராஜா இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிய வேண்டும். ஜப்பான் அதிகாரியான பெரியவர் கார் வந்தால் குனிய வேண்டும். கார் போன பிறகும், "நிமிரலாம்" என்று தோட்டத்துக் கணக்கெழுதும் அப்பாவு கிராணி உத்தரவு போடும்வரை நிமிரக் கூடாது.

அப்புறம், தொழிலாளர் லயத்து வீடுதோறும் காய்கறி போடச் சொல்லி மேன்மைதங்கிய உத்தரவு வந்தது. போட்டோம். ஜப்பான் பெரியவர் பார்வையிட வருவதற்கு முந்தின நாள், கிராணி ஒவ்வொரு பாத்தியாகச் சோதித்தார். கத்திரிக்காய் தலைகுனிந்து தொங்கியது, நடத்தை திருப்தி. பாகற்காய் அதைவிடப் பணிவு. வெண்டைக்காய் வானத்தைப் பார்த்து நின்றது, அங்கேயே பிடுங்கவைத்தார். செல்லாயி வீட்டு ஊசிமிளகாய்ச் செடிக்கு வந்தபோது மனுஷனுக்கு வேர்த்துவிட்டது.

"என்னா செல்லாயி இது, அம்புட்டும் நிமிந்து நிக்குது?"

"ஊசிமிளகா அப்படித்தான் நிக்கும், கிராணியாரே."

"யாரக் கேட்டு? பெரியவர் பாத்தா என் கன்னம் தாங்காது லா. பிடுங்கு!"

செல்லாயி செடிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். புருஷனை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகிறது. "மூணு வேளையும் மரவள்ளிக் கெழங்கு. இதுல ஒண்ணக் கடிச்சாத்தான் எம்மவளுக்குத் தொண்டையில எறங்குது. பிடுங்க விடமாட்டேன்!"

கிராணி தீவிரமாக ஆலோசித்தார். "சரி, குனிய வை."

சாக்கு நூலைப் பிரித்து, ஒவ்வொரு மிளகாயிலும் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். வெட்கக்கேடு, நானும்தான் கட்டினேன்.

"இது தலையாட்டற மாதிரி இருக்கு. இடுப்பு வளையணும்."

"மிளகாய்க்கு இடுப்பு எங்க இருக்கு, கிராணியாரே?"

"காம்புதான் இடுப்பு. இன்னொரு கல்லு கட்டு!"

மறுநாள் பெரியவர் வந்தார். நாங்கள் குனிந்தோம். மிளகாயும் குனிந்திருந்தது. இதென்ன கல் காய்க்கிற செடி என்று பெரியவரும் குனிந்து பார்த்தார். அவரைவிட உயரமாக இருக்கலாமா? கிராணி தரையில் குப்புற விழுந்தார். பெரியவர் ஒரு மிளகாயைப் பிய்த்துக் கடித்தார். முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பாக்கேரோ!" என்று ஜப்பான் பாஷையில் திட்டிக் கத்தி, கிராணியைத் தூக்கி நிறுத்திக் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அறை வாங்கி மறுபடி விழுந்த கிராணி அங்கேயே கிடந்தார்.

"இப்பப் பிடுங்கணுமா?" என்றாள் செல்லாயி.

"பெரியவர் பிடுங்கச் சொன்னாரா?"

"சொல்லல."

"அப்ப உத்தரவில்லாம ஒரு எலையத் தொடக் கூடாது!"

செல்லாயி அழுதுகொண்டே சிரித்தாள். நூல்களை அறுத்தாள். கல் விழ விழ மிளகாய்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அப்புறம்தான் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"கார் போயி எம்புட்டு நேரமாச்சு! இன்னும் ஏன் லா குனிஞ்சிருக்கீங்க?"

"கிராணியார் இன்னும் சொல்லலையே, அக்கா" என்றோம், எல்லாரும் தரையைப் பார்த்தபடியே.