வெல்வெட் வானம்

நாற்பத்தெட்டாம் வயதில் நான் ஒரு வீரத் தீர்மானம் மேற்கொண்டேன். இரவில், தன்னந்தனியாக, ஊருக்கு வெளியே உள்ள குன்றின்மீது ஏறி, நட்சத்திரங்களைப் படம் பிடித்து வருவது.

இதற்குக் காரணம் வானியல் அன்று. எங்கள் வீட்டுப் பின்னறை. பத்தடிக்கு எட்டடி, ஒற்றைச் சன்னல். அதில் என் கேமராவும் முக்காலியும் பதினொரு ஆண்டுகளாகக் குடியிருக்கின்றன. அவற்றைக் கொண்டு நான் இதுவரை எடுத்தவை யாவும் என் கட்டைவிரலின் படங்களே என்பது என் மனைவியின் கட்சி. அவள் தையற்காரி. தையல் இயந்திரம் கூடத்தில், சாப்பாட்டு மேசைக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே நெருக்குண்டு கிடக்கிறது. அதற்குப் பின்னறை வேண்டும் என்பது அவளுடைய வழக்கு.

"இந்த ரூம்ல நீங்க என்னதான் பண்றீங்க?"

"கலை."

"கலைச்சுதான் வச்சிருக்கீங்க. அதான் கேக்குறேன்."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. குன்று, இரவு, தனிமை என்று அறிவித்துவிட்டேன். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே நிபந்தனை விதித்தாள்.

"தனியாப் போகணும். விடியறதுக்குள்ள நட்சத்திரத்தோட வரணும். வந்தா ரூம் உங்களுக்கு. வரலைன்னா என் மெஷினுக்கு."

"நீ ராத்திரி பயப்பட மாட்டியே?"

"நான் எதுக்குப் பயப்படணும்? நான் வீட்டுலதானே இருக்கப் போறேன்."

புறப்படுமுன் நானே தேநீர் போட்டு பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டேன். எங்கள் சமையலறையில் சிவப்பு மூடி உப்புக்கு, நீல மூடி சர்க்கரைக்கு. அது அவள் இயற்றிய சட்டம். மூடியை மாற்றிப் போடுவது என் சுபாவம். அதைக் கண்டால் அவள் என் வாயை மூடுவாள். அதற்கு மூடி தேவைப்படுவதில்லை. அன்றைய அவசரத்தில் எதை எதனால் மூடினேன் என்று நான் கவனிக்கவில்லை.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் மறித்தார்.

"என்ன சார், மூட்டை முடிச்சோட?"

"நட்சத்திரம் பார்க்கப் போறேன்."

"அப்ப சண்டை பெருசுதான்."

குன்றின் முதல் திருப்பம்வரை நான் மாவீரன். அதன்பின் எவரோ என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடுவது கேட்டது. நான் நின்றேன், மூச்சும் நின்றது. நடந்தேன், அதுவும் நடந்தது. அது என் மூச்சே என்று தெளிவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. இரண்டாம் திருப்பத்தில் ஓர் அறிவிப்புப் பலகை: 'இதற்கு மேல் செல்வோர் சொந்தப் பொறுப்பில் செல்லவும்.' திருமணத்திற்குப் பின் எனக்குச் சொந்தப் பொறுப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. சட்டத்தை மதித்துத் திரும்பினேன்.

ஆயினும் அறையை விட மனம் வரவில்லை. கொல்லைக் கதவு வழியே ஓசையின்றிப் பின்னறைக்குள் நுழைந்தேன். மனைவியின் குறட்டை சீராகக் கேட்டது. ஏமாற்றத் துணிந்த கணவனுக்கு அதைவிட இனிய சங்கீதம் இல்லை. கூடத்திலிருந்து அவள் தைக்க வைத்திருந்த கறுப்பு வெல்வெட் துணியை எடுத்து வந்து மேசைமேல் விரித்தேன். அதுவே வானம். டார்ச் வெளிச்சத்தில் சிவப்பு மூடி போட்ட டப்பாவைத் தேடிப் பிடித்து, தாராளமாகத் தூவினேன். அவையே நட்சத்திரங்கள். விளக்கைச் சாய்த்து ஒரு படம்; ஒரு தூக்கம்; இன்னொரு படம்; இன்னொரு தூக்கம்; மூன்றாம் படம். பிறகு வானத்தை உதறி மடித்து, இருந்த இடத்தில் வைத்தேன். ஐந்து மணிக்குக் கால்சட்டையில் மண்ணைப் பூசிக்கொண்டு வாசல் வழியே வெற்றியுடன் வந்து சேர்ந்தேன்.

அவள் என் கையில் தேநீரைக் கொடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேமராவை வாங்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு."

இச்சொற்களை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. அப்போதே எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும்.

"குறுக்கால இந்தக் கோடு என்னங்க?"

"பால்வீதி."

"இவ்வளவு நேராவா?"

"உயரத்துல இருந்து பார்த்தா நேராத்தான் தெரியும்."

"சரி. இந்த நட்சத்திரம் முதல் படத்துல ஓரத்துல இருந்துச்சு. ரெண்டாவதுல நடுவுக்கு வந்திருக்கே."

"பூமி சுத்துதும்மா."

"மத்ததெல்லாம் சுத்தலையா?"

"அது... நட்சத்திரம் இல்ல. கோள்."

"சிவப்பா வேற இருக்கு."

"செவ்வாய்."

"கோள்தான். உங்களைப் பத்தி நல்லாவே கோள் சொல்லுது. ஆறு கால் இருக்கு பாருங்க. மூணாவது படத்துல ஒரு நட்சத்திரத்தைத் தலையில தூக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிருச்சு."

உப்பை எறும்பு தூக்குமா என்னும் ஐயம் அப்போதுதான் எனக்குள் எழுந்தது. அவள் எழுந்துபோய் வெல்வெட்டைக் கொண்டுவந்து என் மடியில் விரித்தாள். அதன் குறுக்கே சாக்குக் கட்டியால் போட்ட வெள்ளைக் கோடு. அதன்மேல் இன்னும் நாலைந்து கோள்கள் சுழன்றுகொண்டிருந்தன.

"பால்வீதி நான் போட்டது. தோள்பட்டைக்கு. நான் கோடு போட்டா நேராத்தான் இருக்கும்."

அவள் அளவுநாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள்.

"சன்னலோரமாப் போய்ப் பிடிங்க. மெஷின் எங்க போடலாம்னு பார்ப்போம்."

பிடித்தேன். எஞ்சிய மானத்தைக் காப்பாற்றும்பொருட்டு, மற்றொரு கையால் தேநீரை ஒரு வாய் பருகி, கண்டிப்பான குரலில் குறை சொன்னேன்.

"டீயில சர்க்கரையே இல்லையே."

"இருந்ததெல்லாம் வானத்துல இருக்கு. எட்டினா எடுத்துப் போட்டுக்குங்க."