முந்நூற்று அறுபத்தைந்தாவது உதவி

"அப்பா, இன்னிக்குப் பக்கம் காலியா இருக்கு!"

மகள் படுக்கையறையிலிருந்து குரல் கொடுத்தபோது, செக்கிங் சார் சமையலறை முக்காலியின்மேல் நின்று சர்க்கரை டப்பாவின் அடிப்பாகத்தில் இருந்த தேதியைப் படித்துக்கொண்டிருந்தார். கீழே மனைவி கரண்டியும் கையுமாக அந்தச் சர்க்கரைக்காகக் காத்து நின்றாள்.

பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்ப்பது அவருக்கு வேலை. உடைந்தது, கருகியது, எடை குறைந்தது என்று ஆறு நாளும் பிஸ்கட்டைப் பொறுக்கித் தள்ளுவார். ஏழாவது நாள் வீட்டைப் பார்ப்பார். தெருவில் அவருக்குச் செக்கிங் சார் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

"எந்தப் பக்கம்?"

"லாக் புக்குப்பா. கடைசிப் பக்கம்."

டப்பாவை மனைவி கையில் திணித்துவிட்டு ஓடினார்.

மகள் பள்ளிச் சாரணியர் படையில் இருந்தாள். உலகத் தோழமை விருது என்று ஒன்று. ஒரு வருடம், தினம் ஓர் உதவி, லாக் புக்கில் உதவி பெற்றவரின் கையெழுத்து. ஒரு நாள் விட்டுப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முழுசாக முடித்தவர்களுக்கு உலகச் சின்னம், அதோடு முப்பது நாட்டுப் பிள்ளைகள் கூடும் முகாமில் ஓர் இடம். முந்நூற்று அறுபத்து நான்கு முடிந்துவிட்டது. நேற்றைய உதவி, எதிர்வீட்டுப் பூனையை மதிலிலிருந்து இறக்குவது. பூனை தானே இறங்கிவிட்டது. இவள்தான் விழுந்தாள். பூனைக்காரம்மா பாவம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இப்போது கணுக்கால் கட்டோடு கட்டிலில் கிடக்கிறாள்.

"சாயந்திரம் ஆறு மணிக்கு எங்க சாரணியர் கமிஷனர் மேடம் வந்து புக்கை வாங்கிட்டுப் போயிடுவாங்கப்பா."

"அம்மாவுக்கு ரெண்டு வெங்காயம் உரிச்சுக் குடுத்துட்டுக் கையெழுத்து வாங்கேன்."

"வீட்டு வேலை கடமையாம். உதவியில சேராதுன்னு எங்க கேப்டன் சொல்லியிருக்காங்க. நீங்க வெளிய போய், உதவி தேவைப்படுறவங்க யாராவது இருக்காங்களான்னு பாருங்களேன்."

மனைவி அதற்குள் குடையும் தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்து வந்துவிட்டாள். "அவசரப்படாதீங்க. நிதானமா, நல்ல ஆளாப் பாத்துக் கூட்டிட்டு வாங்க."

மகளின் விருதில் இவளுக்குத்தான் எத்தனை அக்கறை! செக்கிங் சார் நெகிழ்ந்துபோய்ப் படியிறங்கினார்.

முதலில் சைக்கிள் கடை.

"உங்க பொண்ணா?" கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "வேணாம் சார். போன தடவை செயினுக்குப் போட வேண்டிய எண்ணெயை பிரேக்குக்குப் போட்டு விட்டுச்சு. கஸ்டமர் இங்க ஏறினவரு, எதிர்க்கடைக்குள்ள போய்த்தான் இறங்கினாரு."

"படுத்துட்டே செய்யற மாதிரி ஏதாவது குடுங்க. சின்ன வேலை."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு டின் நிறையக் கலந்து கிடந்த போல்ட்டையும் நட்டையும் காட்டினார். "இதை அளவு அளவாப் பிரிச்சுக் குடுத்தா உண்மையிலேயே புண்ணியமாப் போகும்."

செக்கிங் சாருக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் ஒன்றையும் பார்க்காமல் வாங்கிப் பழக்கமில்லை. மாதிரிக்கு ஒரு பிடி அள்ளிப் பெஞ்சில் போட்டுப் பிரித்தார். ஒன்றில் மரை தேய்ந்திருந்தது. அப்படியென்றால் மற்றவை? இன்னொரு பிடி அள்ளினார். பத்தரை மணிக்குத் தலையை நிமிர்த்தியபோது டின் காலி. பெஞ்சின்மேல் ஒன்பது குவியல்கள், அளவு வாரியாக வரிசை கட்டி நின்றன.

"பிரமாதம் சார்!" என்றார் கடைக்காரர். "எங்க கையெழுத்துப் போடணும்? உதவி உங்க பேர்லதானே?"

செக்கிங் சார் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அடுத்து லாண்டரி. அங்கே அக்கா ஒருத்தி மலைபோல் குவிந்த துணிக்கு நடுவில் தலை மட்டும் தெரிய நின்றிருந்தாள்.

"பட்டன் போன சட்டை பன்னெண்டு இருக்கு. பாப்பா தைக்கும்னா எடுத்துட்டுப் போங்கண்ணே. ஆனா நீங்க தொடக்கூடாது. சைக்கிள் கடைக் கதை எனக்கும் வந்துடுச்சு."

"சத்தியமாத் தொட மாட்டேன்."

தொடவில்லைதான். சும்மா எண்ணினார். எண்ணும்போது, பக்கத்தில் தேய்த்து வைத்திருந்த ஒரு சட்டைக் காலரில் சுருக்கம் கண்ணில் பட்டது. அக்கா உள்ளே போன சமயம் பார்த்து, ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிடலாமென்று இஸ்திரிப் பெட்டியை வைத்தார். காலரின் மறுமுனையில் இன்னொரு சுருக்கம். அதைக் குனிந்து ஆராய்ந்து முடிப்பதற்குள் பெட்டிக்கு அடியிலிருந்து புகை வந்தது.

"ஐயையோ! அது ட்யூஷன் மாஸ்டர் சட்டைண்ணே! இன்னும் பத்து நிமிஷத்துல வந்து நிப்பாரே, பொண்ணு பாக்கப் போறாரு!"

"அவர் என்ன சைஸ்?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க சைஸ்தான்."

பத்து நிமிஷம் கழித்து ட்யூஷன் மாஸ்டர் செக்கிங் சாரின் சட்டையில் மணமகள் தேடிப் போனார். பன்னிரண்டு சட்டையையும் அக்கா பறித்துக்கொள்ள, செக்கிங் சார் பனியனோடு வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு நாலு விரற்கடை திறந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"கிடைச்சாங்களா?" என்றாள் மனைவி, இடுக்கு வழியாக.

"இன்னும் இல்ல. ஒரு சட்டை எடு."

"எல்லாத்தையும் ஊற வெச்சிட்டேனே!"

"எல்லாத்தையுமா?"

"ஞாயித்துக்கிழமையாச்சே. அதனால என்ன, பனியன் நல்லாத்தான் இருக்கு. மனசைத் தளர விடாதீங்க, ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு. போங்க." இரண்டு ரொட்டித் துண்டு கைமாறியது. கதவு சாத்திக்கொண்டது.

பனியனோடு அலைந்தவரை யாரும் நம்பவில்லை. உதவி செய்கிறேன் என்று நெருங்கினால், ஏதோ கேட்க வருகிறார் என்று நினைத்து எதிர்ப்பக்கம் போனார்கள். ஐந்தரை மணிக்கு, சலூன்காரர்தான் மனமிரங்கித் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு ஃபேன் காத்துல உக்காருங்க சார். நான் ஒரு டீ சாப்ட்டு வந்துடறேன். எதையும் மட்டும் சரிபார்க்காதீங்க."

அவர் போன மறு நிமிஷம், பெரிய மீசைக்காரர் ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "மீசையை லேசா ஒதுக்கி விடுப்பா."

நான் சலூன்காரன் இல்லை என்று சொல்லத்தான் செக்கிங் சார் வாயைத் திறந்தார். அதற்குள் கண் பார்த்துவிட்டது. மீசையின் இடது முனை, வலது முனையைவிட ஒரு நூல் நீளம்.

கத்தரியை எடுத்தார். இடதைக் குறைத்தார். இப்போது வலது நீளம். வலதைக் குறைத்தால் இடது தடிமன். பிஸ்கட்டாக இருந்தால் தூக்கிப் போட்டிருக்கலாம். இது ஆள். விடாமல் இடதை மறுபடி சீர்செய்தார், மறுபடியும் செய்தார். பிறகு சீர்செய்ய இடதுபக்கம் எதுவும் இல்லை.

மீசைக்காரர் கண்ணைத் திறந்தார். கண்ணாடியைப் பார்த்தார். "பாதி எங்கய்யா?"

"ரிஜெக்ட் ஆயிடுச்சு சார்."

கடிகாரம் ஆறுக்குப் பத்து காட்டியது. மீசைக்காரர் எகிறிக் குதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்த செக்கிங் சாருக்குப் பளிச்சென்று பொறி தட்டியது.

"சார், உங்களுக்கு உதவி தேவைப்படுது இல்லையா?"

"அடப்பாவி, இப்பத்தானே தேவைப்பட ஆரம்பிச்சுது!"

"வாங்க வீட்டுக்கு. என் பொண்ணு ரெண்டு பக்கமும் சமமாப் பண்ணிடுவா. ஒரே ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

"வீட்டுக்கா? நட. உன் அட்ரஸ்தான் எனக்கும் வேணும்!"

இருவரும் மூச்சிரைக்கப் படியேறினார்கள். கூடத்தில் கமிஷனர் மேடம் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். மடியில் லாக் புக். மனைவி பத்து வயது குறைந்தவள்போல், பாதி படித்த நாவலில் விரலை நுழைத்தபடி சோபாவில் சாய்ந்திருந்தாள். மகள் கட்டுக்காலை நீட்டிக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம்! மூடிடாதீங்க!" செக்கிங் சார் மீசைக்காரரை முன்னால் தள்ளினார். "இன்னிக்குக் கையெழுத்துப் போட ஆள் கொண்டு வந்துட்டேன். காலையிலேருந்து அலைஞ்சு பிடிச்சது!"

கமிஷனர் மேடம் பாதி மீசையைப் பார்த்தார். சலூன் கோட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசிப் பக்கத்தை விரித்தார்.

"எதுக்கு சார்? பக்கம்தான் காலையிலேயே நிரம்பிடுச்சே: செய்த உதவி, 'அப்பாவை வெளியே அனுப்பினேன்', பயனடைந்தவர் கையெழுத்து, அம்மா, நேரம், ஒன்பதேகால்."