கேள்விகளைப் பிரித்துக் கொடுத்த மெக்கானிக்

இனிமேல் இந்த வீட்டில் யாரும் தன்னிடம் எதையும் கேட்கக் கூடாது என்று வாஷிங் மெஷின் மெக்கானிக் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார். யாரும் என்றால் அவர் மனைவி ஒருத்திதான். மகள் கல்யாணமாகிப் போய் மூன்று வருடம் ஆகிறது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வாரத்தில் ஆறு நாள் ஊரார் வீட்டு மெஷின்களின் வயிற்றில் காதை வைத்துக் கேட்கிறவர். கடகடவா, கிறீச்சா, உறுமலா என்று கேட்டுக் கேட்டுக் களைத்து வருவார். செருப்பைக் கழற்றுவதற்குள் இங்கே ஆரம்பித்துவிடும்.

"ஏங்க, இந்தப் பால் வாடை அடிக்குதா பாருங்க."

"ஏங்க, முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடமா, ஐஸா?"

"ஏங்க, தங்கச்சி போன்ல ரெண்டு தடவை 'சரி சரி'ன்னு சொல்லிட்டு வச்சிட்டா. கோவமா இருப்பாளோ?"

"ஒரு சரின்னா சம்மதம், ரெண்டு சரின்னா கோவம்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

"அப்ப மூணு தடவை சொன்னா என்னங்க?"

இருபத்தாறு வருடம் இப்படி. எந்த மெஷினாக இருந்தாலும் இந்நேரம் கியர்பாக்ஸ் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

வழி காட்டியவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். பெல்ட் வாங்கப் போன இடத்தில் பேச்சுவாக்கில் சொன்னார். "பதில் சொல்ற ஏஐ ஒண்ணு இல்லைங்க, நிறைய இருக்கு. எல்லாத்துக்கும் ஒண்ணையே கேட்டா வேலைக்காகாது. பத்தாம் நம்பர் நட்டுக்குப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரைப் போடுவீங்களா?"

ஸ்பேனர் என்றதும் மெக்கானிக்குக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு வாரம் ஏழெட்டுக்குப் பரீட்சை வைத்து மூன்றைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று கேட்ட மாத்திரத்தில் நறுக்கென்று சொல்லும். அளவு, நேரம், பஸ், மெஷின் பழுதானால் காட்டும் பிழை நம்பர் எல்லாம் அதனிடம். இன்னொன்று ஆற அமரப் பேசும். உடம்பு, உறவு, கடிதம் எல்லாம் அதற்கு. மூன்றாவது போட்டோவைப் பார்த்துச் சொல்லும். செடி, கறை, பூச்சி அதன் பாடு. மூன்றையும் தன் நம்பரிலேயே பதிந்து, தன் போனிலும் மனைவி போனிலும் போட்டார். எதை எதனிடம் கேட்பது என்று பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தார். அவளிடம் அவர் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

"அப்ப உங்ககிட்ட எதைக் கேக்கிறது?"

"என்கிட்ட எதுக்கு? என்னைவிட அதுங்க நல்லாச் சொல்லும்."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக்கொண்டாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தட்டத் தெரியாவிட்டால் என்ன, பேசினால் போதுமே. பத்து நாளில் மூன்றுக்கும் பேர் வைத்துவிட்டாள். நறுக்கென்று சொல்வது 'அவசரம்'. படம் பார்ப்பது 'கண்ணாடிக்காரர்'. ஆற அமரப் பேசுவது 'பெரியம்மா'.

வீடு அமைதியானது. முதல் வாரம் அது சொர்க்கமாக இருந்தது. இரண்டாம் வாரம் செய்தித்தாளில் டெண்டர் விளம்பரம் வரை படித்து முடித்தார். மூன்றாம் வாரம் சமையலறையிலிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார்.

"என்ன, யாரு?"

"பெரியம்மாங்க."

"பால் வாடை அடிக்குதா பாக்கணுமா?"

"வேண்டாங்க. நாலு நாள் வரைக்கும் தாங்கும்னு அவசரம் சொல்லிடுச்சு."

"உன் தங்கச்சி கோவமா இருந்தாளே?"

"அதெல்லாம் பேசித் தீத்தாச்சு. நீங்க பேப்பர் படிங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தார். எதைப் படிக்க? டெண்டரும் தீர்ந்துவிட்டது.

ஒரு நாள் குடையைத் தேடி அவள் பையில் கையை விட்டபோது ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று வந்தது. நெஞ்சு வலி, இசிஜி, பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது. தேதி போன செவ்வாய். அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன செய்தோம் என்று யோசித்தார். யாரோ ஒருவர் வீட்டு டிரம்மைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"லேசா வலிச்சுது. உடனே போன்னு பெரியம்மா சொல்லிச்சு. போனேன். வாயுன்னுட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"கேள்வியாத்தானே இருந்துச்சு? கேள்வின்னா அங்கதானேங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். மெஷின் என்றால் பழுது வந்ததும் நம்பர் காட்டும். இவள் எந்த நம்பரையும் காட்டாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மொட்டை மாடிக்குப் போய்த் தன் போனில் பெரியம்மாவைத் திறந்தார். ஒரே பதிவுதானே, அவள் பேசியதெல்லாம் அங்கேயும் இருந்தது. செவ்வாய்க்கிழமை பேச்சைத் தேடிப் பிடித்தார். 'உங்கள் கணவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்' என்று பெரியம்மா எழுதியிருந்தது. 'வேண்டாம், எதையாவது கேட்டா அவருக்குப் பிடிக்காது' என்று அவள் சொல்லியிருந்தாள். ஈரத்துணி காயும் கொடிக்குக் கீழே அப்படியே நின்றார்.

அப்போதே கீழே இறங்கி, 'என்கிட்டயே கேளு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று சொல்கூட இல்லை. அது மட்டும் அந்த மனுஷன் வாயில் வரவில்லை. எதையும் பின்பக்க மூடியைக் கழற்றித்தானே பழக்கம். எப்போதும் நினைவில் வைக்க வேண்டியதை எழுதிவைக்க மூன்றிலும் ஒரு இடம் இருந்தது. அங்கே எழுதினார்: 'எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் கணவரிடம் கேட்கச் சொல். அவர் அனுபவசாலி, மிகவும் பொறுமையானவர் என்றும் சொல்.'

அவள் பேச்சு தன் போனில் தெரிகிறதென்றால் இதுவும் இரண்டு பேருக்கும் பொது என்று யோசித்திருக்க வேண்டும். நொந்து போயிருக்கிறவருக்கு யோசனை எங்கிருந்து வரும்?

மறுநாள் சாயங்காலமே வந்தாள். "இதுங்களுக்கு என்னவோ ஆயிடுச்சுங்க. மூணும் உங்ககிட்டக் கேக்கச் சொல்லுது."

"அப்படியா? விவரமான மெஷினுங்கதான்."

பொங்கப் போகும் பாலைப் பார்ப்பது மாதிரி அவரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள். "ஜன்னல் திரைக்கு நீலமா, பழுப்பா?"

நீலம் ஏன், பழுப்பு ஏன் கூடாது, வெயில் பட்டால் எது வெளுக்கும் என்று இருபது நிமிஷம் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டாள். அன்றைக்கு அவருக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

அடுத்த நாள் காலை ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா வீட்டில் வேலை. கணுக்கால் அளவு தண்ணீரில் முட்டி போட்டிருந்தார். கை முழுக்க சோப்பு நுரை. மெஷின் முகப்பில் இ பதினெட்டு என்று காட்டியது. போனை ஸ்டூலில் வைத்து, அவசரத்தைச் சத்தமாகக் கேட்டார்.

"இந்த மாடலுக்கு இ பதினெட்டுன்னா என்ன?"

"கணவரிடம் கேளுங்கள். அனுபவசாலி. மிகவும் பொறுமையானவர்."

டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "யாரு கணவரு?"

"மெஷின்ல ஏதோ கோளாறும்மா."

"எந்த மெஷின்ல?"

மறுபடி கேட்டார். "கணவரிடம் கேளுங்கள்" என்றது.

"அவ்வளவு விவரமானவர்னா அவரையே அனுப்பியிருக்கலாமே" என்றார் டீச்சரம்மா.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தான் எழுதிவைத்ததை அழித்துவிடுவது என்று முடிவு. முதலில் குளித்துவிடலாம் என்று போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போனார். துண்டோடு வெளியே வந்தபோது மனைவி அவர் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் இப்படியே சொல்றேன்னு அதுகிட்டயே கேட்டேங்க. இப்படிச் சொல்லணும்னு எழுதி வச்சிருக்கிறதா காட்டுச்சு. 'மிகவும் பொறுமையானவர்'னு எழுதினது யாருங்க?"

"பெரியம்மாவா இருக்கும்."

"இருக்கும். நான் என் நம்பர்ல எனக்குன்னு தனியா மூணையும் போட்டுக்கிட்டேன். பெரியம்மாதான் சொல்லிக் கொடுத்துச்சு."

"அதான் புருஷன்கிட்டக் கேக்கச் சொல்லுமே?"

"குளிக்கப் போயிருக்காருன்னேன். சரின்னு சொல்லிக் கொடுத்துடுச்சு. உங்களோடதுல ஒரே ஒரு வார்த்தைதான் மாத்தியிருக்கேன். அப்புறம் பாஸ்வேர்டையும். அதுக்கு ஓடிபி உங்க போனுக்குத்தான் வந்துச்சு."

மாற்றிய வார்த்தை மறுநாள் ஒரு பேக்கரிக்காரர் வீட்டில் தெரிந்தது. இ இருபத்தொன்று என்றால் என்னவென்று அவசரத்தைக் கேட்டார். 'மனைவியிடம் கேளுங்கள்' என்றது. மனைவிக்குப் போன் போட்டார். அவள் தன்னுடைய அவசரத்தைக் கேட்டுச் சொன்னாள்.

"மோட்டார் ஒயரைப் பாருங்க. கழண்டிருக்கும்."

கழன்றுதான் இருந்தது.

பாஸ்வேர்டை மீட்டு அதை அழித்திருக்கலாம், இல்லை இன்னொரு நம்பர் வாங்கி வேறு பதிவு போட்டுக்கொண்டிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. போன் போட்டால் அவள் 'ஏங்க' என்று எடுக்கிறாள், அது போதும் என்றிருந்தது. தெரிந்த பிழை நம்பருக்கும் தெரியாதவர் மாதிரி கூப்பிட்டார். மத்தியானத்துக்குள் ஒன்பது தடவை. நீலச் சட்டை எங்கே, பிரஷர் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்றுகூடக் கேட்டார். பத்தாவது தடவை அவள் சொன்னாள்.

"எனக்கும் வேலை இருக்குல்ல? கேள்வியெல்லாம் ஒரு தாள்ல எழுதிட்டு வாங்க. சாயங்காலம் மொத்தமாச் சொல்றேன்."

எழுதினார். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பதினான்கு கேள்வி. சாயங்காலம் எதிரே உட்கார்ந்து நீட்டினார். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். பழைய பெல்ட்டை மாற்றச் சொன்னாள். மாத்திரை சாப்பாட்டுக்குப் பின் என்றாள். பதின்மூன்றும் ஆயிற்று.

பதினான்காவதை அவர் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார். 'முன்ன மாதிரி என்கிட்ட ஏன் எதையும் கேக்கிறதில்லை?'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். தாளை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"இது எனக்குச் சொல்லத் தெரியலைங்க. பெரியம்மாகிட்டக் கேளுங்க. உங்க போன்லதான் இருக்கே."

அவர் மொட்டை மாடிக்குப் போய், தன் போனில் பெரியம்மாவைத் திறந்து, அதே கேள்வியைப் பிழையில்லாமல் தட்டினார். பெரியம்மா ஆற அமர யோசித்து, மனைவியிடம் கேட்கச் சொன்னது.