வெளிச்சானந்தரின் மந்திர பல்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு, தை மாதத்தில், திருமயம் கோட்டைக்கு எதிரே இருந்த புளியமரத்தடிக்குத் திடீரென்று பெருமை வந்து சேர்ந்தது. அதுவரை அம்மரத்தடியில் லாரிகள் இளைப்பாறும். டிரைவர்கள் வெற்றிலை போடுவார்கள். ஆடுகள் புழுக்கை போடும். இப்பொழுதோ அங்கே ஒரு பந்தல். பந்தலினுள் ஒரு புலித்தோல். புலித்தோலின் மேல் சுவாமி வெளிச்சானந்தர். புலித்தோலில் கோடுகளுக்குப் பதிலாகப் புள்ளிகள் இருப்பதாகச் சிலர் முணுமுணுத்தனர். பக்திக்கு முன்னால் விலங்கியல் எம்மாத்திரம்?

சுவாமிகளின் அருள் புதுமையானது. பிற சாமியார்கள் ஆன்மாவுக்கு ஒளி வழங்குவார்கள். இவர் ஹெட்லைட்டுக்கு வழங்கினார். சிவப்புக் கயிறு சுற்றிய மந்திர பல்பு ஒன்றை மாட்டிவிட்டால், இருண்ட சாலை பட்டப்பகலாகத் தெரியுமாம். சாலையோரத்து முனி கண் கூசி, வேறு ஊர் பார்த்துப் போய்விடுமாம். அன்னவாசலிலிருந்தும் ஆவுடையார்கோவிலிலிருந்தும் வண்டிகள் வந்து வரிசை கட்டி நின்றன. காணிக்கையிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. சைக்கிள் விளக்குக்கு ஒரு சேவல். லாரிக்கு ஓர் ஆட்டுக்கிடாய். பஸ்ஸுக்கு மட்டும் ஒரு கறவைப் பசு. பஸ்ஸில் ஏறும் உயிர்கள் அதிகம், ஆதலின் மந்திரத்துக்கு உழைப்பும் அதிகம். கழற்றப்பட்ட பழைய பல்புகள் பாவம் படிந்தவை. அவற்றைக் கோட்டைப்பட்டினத்துக் கடலில் விடுவதாகச் சொல்லி, சுவாமிகளே சிரமம் பாராமல் வாங்கிவைத்துக்கொண்டார்.

‘மின்னல்ராணி’ என்னும் பஸ்ஸின் டிரைவர் சோலையப்பனுக்கு இச்செய்தி தேனாக இனித்தது. புதுக்கோட்டையிலிருந்து பொழுது சாய்ந்தபின் திருமயம் வந்து சேரும் கடைசி நடை அவனுடையது. அண்மைக்காலமாக மின்னல்ராணிக்கு மாலைக்கண் வந்திருந்தது. மார்கழியில் ஒரு நாள் அவள் சாலையை விட்டு இறங்கி, ஒரு வைக்கோல் போருக்குள் கழுத்துவரை புகுந்துகொண்டாள். அடுத்த வாரம், சாலையில் படுத்திருந்த எருமை ஒன்றை முட்டினாள். எருமை எழவில்லை, பஸ்ஸின் பம்பர்தான் விழுந்தது. முதலாளி சோலையப்பனை அழைத்துச் சுருக்கமாகச் சொன்னார்:

“இன்னொரு தடவை எங்கயாச்சும் முட்டுனே, ஸ்டேரிங்கைத் தொடக்கூடாது. வாளியைத் தொடு. பஸ் கழுவு.”

‘டிரைவர் அண்ணே’ என்று ஊரே விளிக்கும் ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய சாபம் கிடையாது. இத்தனைக்கும் சோலையப்பன் அலட்சியக்காரன் அல்லன்; பக்திமான். அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளுள் மின்னல்ராணியைப் போல் பொட்டிட்டுப் பூமுடித்த வண்டி வேறில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பானட்டுக்கு ஒரு பொட்டு, ஹாரனுக்கு ஒரு பொட்டு, இரு ஹெட்லைட்டுகளின் கண்ணாடி நடுவிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும். பழைய பொட்டை அழிப்பது அபசகுனம் என்பதால், அதன்மேலேயே புதியது ஏறும். ஆயுத பூஜை அன்று மெல்லிய புள்ளியாகப் பிறந்த அப்பொட்டு, தை மாதத்தில் ஓர் அடையைப் போலத் தடித்திருந்தது. ஏனைய டிரைவர்களும் பக்தியில் இளைத்தவர்கள் அல்லர்.

“அண்ணே, ராக்கன் லாரியப் பாத்தீங்களா?” என்று கண்டக்டர் செபமாலை தூண்டினான். “பல்பு மாத்துன அன்னைக்கே கோட்டைச் செவுத்துல பல்லி ஓடுறது தெரிஞ்சுச்சாம்!”

“பல்லியா தெரிஞ்சுச்சு?”

“பல்லி மட்டுமா? அது வாயில கவ்வியிருந்த பூச்சியும் தெரிஞ்சுச்சாமுல்ல!”

“அவுக பசுவுல்ல கேக்குறாக.”

“பசு போனா வேற பசு வரும்ணே. வேலை போனா வாளிதான் வரும்.”

பசு சோலையப்பனுடையது அன்று. அவன் மனைவி சொர்ணம் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்தது. வீட்டில் கறக்கும் பாலும் குழந்தைகள் குடிக்கும் மோரும் அதனிடமிருந்தே வந்தன. சோலையப்பன் முனிக்கு அஞ்சினான். முதலாளிக்கு அதனினும் அஞ்சினான். சொர்ணத்துக்கோ இவ்விருவரையும் கூட்டினாலும் காணாத அளவுக்கு அஞ்சினான். ஆகவே, அவள் குளத்துக்குத் தண்ணீர் எடுக்கப்போன நேரம் பார்த்துக் கட்டுத்தறியிலிருந்து பசுவை அவிழ்த்தான். கன்று கத்தியது. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பொழுது சாய்ந்தது. மின்னல்ராணி கோட்டைச் சுவரை நோக்கி நிறுத்தப்பட்டாள். விளக்கைப் போட்டபோது சுவரில் விழுந்த வெளிச்சம், எண்ணெய்க் கறையைப் போல இருந்தது. கூட்டம் “ஐயோ பாவம்” என்றது. சுவாமிகள் எழுந்தார்.

“பக்தகோடிகளே! ஒரு மண்டலம் ஜபித்த சக்தி முழுவதும் இந்தப் பல்பினுள் அடைபட்டிருக்கிறது. திரை எதற்கு என்று கேட்பீர்கள். மந்திரம் பிறர் காதில் விழக்கூடாது. அதற்காக மட்டுமே திரை!”

சீடர் ஒருவர் மஞ்சள் பட்டுத்திரையை விரித்தார். அவர் கையிலிருந்த தாம்பாளத்தில் எலுமிச்சம்பழம், திருநீறு, ஒரு மெல்லிய துணி ஆகியவை இருந்தன. துணிக்கு என்ன மந்திரம் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்பதற்காகவா கூட்டம் கூடுகிறது?

அவ்வேளையில், இடுப்பில் குடத்தோடு சொர்ணம் வந்து நின்றாள்.

“ஏங்க, இங்கிட்டு மரத்துல கட்டிக் கெடக்குறது நம்ம பசுதானே? இது எப்ப பஸ் ஏறப் பழகுச்சு?”

கூட்டம் சிரித்தது. சோலையப்பன் முனி, வெளிச்சம், வாளி ஆகிய மூன்றையும் குழப்பி ஒரு விளக்கம் தந்தான். சொர்ணம் அதை முழுவதும் கேட்டாள். பிறகு பஸ்ஸின் முகத்தருகே குனிந்து பார்த்தாள்.

“இதென்ன, ஹெட்லைட்டா? சந்தனம் அரைக்கிற கல்லா? அரிக்கேன் வெளக்கு மங்குனா நான் சாமியாரையா கூப்புடுறேன்? சிம்னியைச் சாம்பல் போட்டுத் தொடைக்கிறேன்!”

“மகளே, அது மண்ணெண்ணெய், இது மின்சாரம்!” என்றார் சுவாமிகள். “மின்சாரத்தில் முனி எளிதில் புகுந்துவிடும்.”

“சரிங்க சாமி. ஒங்க சக்தி பல்புல இருக்கா, திரையில இருக்கா?”

“பல்பில்தான்! இப்பொழுதுதானே சொன்னோம்?”

“அப்பத் திரை வேணாம். எடது கண்ணுல ஒங்க பல்பை மாட்டுங்க. கண்ணாடிய ஒருத்தரும் தொடக்கூடாது. வலது கண்ணுல பழைய பல்பே இருக்கட்டும். கண்ணாடிய மட்டும் நான் தொடைக்கிறேன். ஒங்களுது நல்லா எரிஞ்சா, பசுவோட கன்னுக்குட்டியையும் ஓட்டிக்கிட்டுப் போங்க!”

சுவாமிகள் வானத்தைப் பார்த்தார். “இன்று நட்சத்திரம் சரியில்லை…”

அவரைக் காட்டிக்கொடுத்தவன் எதிரி அல்லன். அவருடைய பரம பக்தனாகிய லாரி டிரைவர் ராக்கன். “சும்மா காட்டுங்க சாமி! நான் ஒரு கிடாயே குடுத்துருக்கேன். எனக்கு மாட்டுன மாதிரி ஒண்ண மாட்டி, இந்தத் தங்கச்சி வாயை அடைங்க!” என்று அவன் முழங்கினான். கூட்டமும் முழங்கியது. பக்தர்களின் நம்பிக்கையிலிருந்து தப்பிக்கச் சுவாமிகளிடம் மந்திரம் இல்லை. பல்பு மாட்டப்பட்டது.

சொர்ணம் தாம்பாளத்தை நோக்கிக் கை நீட்டினாள். “அட, எலுமிச்சம்பழம், துந்நூறு, துணி! தொடைக்கிறதுக்குத் தோதாத்தான் எல்லாம் வச்சிருக்கீங்க!”

அவள் தேய்த்தாள். முதலில் தை மாதத்துப் பொட்டு கழன்றது. அடுத்து மார்கழி. அதற்கடியில் கார்த்திகை. அதற்கும் அடியில் ஆயுத பூஜைக் குங்குமமும், பக்தியில் சிக்கி உயிர்விட்ட ஒரு விட்டில்பூச்சியும் வெளிப்பட்டன. இறுதியாக, அவ்விடத்தில் கண்ணாடி என்ற ஒன்று இருப்பது தெரியவந்தது.

சோலையப்பன் தன் இருக்கையில் ஏறி, சுவிட்சில் கை வைத்தான். இடது கண் எரிந்தால் பசு போயிற்று, கன்று போயிற்று. சொர்ணமும் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள். வலது கண் எரிந்தால், வைக்கோல் போருக்குள் பஸ்ஸை ஓட்டியது முனி அன்று, தன் வெள்ளிக்கிழமைப் பொட்டு என்று ஊரே அறியும். கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தள்ளினான்.

இடப்பக்கத்து மந்திர பல்பு, காய்ச்சல்காரன் கண்ணைப் போல் மஞ்சளாக விழித்தது. வலப்பக்கத்திலிருந்தோ ஒளி வெள்ளமாகப் பாய்ந்தது. கோட்டைச் சுவரின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. அவ்வளவு மட்டுமா? சுவரோரமாகப் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நழுவிக்கொண்டிருந்த சீடரும் தெரிந்தார். வெளிச்சத்தில் கண் கூசிய பசு நின்றுவிட்டது. சீடர் இழுத்தார். பசு அசைபோட்டது.

“நல்ல வெளிச்சம்ணே!” என்றான் செபமாலை. “பல்லி தெரியல. பெருச்சாளி தெரியுது!”

ராக்கன் பாய்ந்து சென்று இடப்பக்கத்துப் பல்பைக் கழற்றிச் சிவப்புக் கயிற்றைப் பிரித்தான். அதன் பித்தளை அடிப்பாகத்தில் ஆணியால் கீறிய சூலக்குறி ஒன்று இருந்தது.

“இது என் பல்பாச்சே! ஒர்க்ஷாப்புல மாறிறக் கூடாதுன்னு நாந்தான் கீறி வச்சேன். கடல்ல விடப்போறேன்னு வாங்கிட்டுப் போனீரே!”

“அப்ப ஒன் லாரியில எரியிறது யாரு பல்பு?” என்றான் சோலையப்பன்.

டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அந்தச் சாலையில் ஓடிய வண்டிகளின் பல்புகளெல்லாம், உடையவர்களுக்குத் தெரியாமலேயே தமக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருந்தன.

“என் கிடாய் எங்கடா?” என்று ராக்கன் வேட்டியை மடித்துக் கட்டினான். கிடாய் ஏற்கெனவே சுவாமிகளின் வயிற்றில் ஜீவசமாதி அடைந்திருந்தது.

அடி விழவில்லை, சொர்ணம் தடுத்துவிட்டாள். “அடிச்சா என்ன கெடைக்கும்? கையில துணியக் குடுங்க.” வரிசையில் நின்ற வண்டிகள் அனைத்தின் கண்ணாடிகளையும் வெளிச்சானந்தன் துடைத்தான். அவன் கை பட்ட விளக்கெல்லாம் பிரகாசித்தது. அன்றுதான் அவனுடைய அருளில் முதன்முதலாக உண்மை இருந்தது.

மறுநாள் மாலை, மின்னல்ராணி அந்த வைக்கோல் போரைத் தொலைவிலேயே கண்டு, மரியாதையாக ஒதுங்கிப்போனாள். வாளி முதலாளியின் கொட்டகையிலேயே கிடந்தது. பசு கட்டுத்தறியில் இருந்தது. கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் சோலையப்பன் கதவைத் திறந்தபோது, வாசலில் டிரைவர்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றவன் ராக்கன். கையில் ஒரு சேவல் இருந்தது.

“தங்கச்சி, ஒங்க கையால ஒரு பிடி சாம்பல் குடுங்க. ஒங்க கைக்கு ராசி இருக்கு.”

“ஏண்ணே, ஒங்க வீட்டு அடுப்புல சாம்பலே விழுகுறதில்லையா?” என்றாள் சொர்ணம்.

“விழுகுது தங்கச்சி. ஆனா அது சும்மா சாம்பல்.”

ஆதலின், அன்பர்களே, பொட்டு வைக்க ஆசையிருந்தால் தாராளமாக வையுங்கள். துடைக்கும் வேலையை மட்டும் அடுத்தவனிடம் விடாதீர்கள். அவன் திரையோடு வருவான், பசுவோடு போவான்.