மலையேறாத பூட்ஸ்

அண்ணன் ஐம்பத்திரண்டு வயதில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு தம்பி வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை. தம்பிக்கு ஐம்பது. அச்சகத்தில் பிழைதிருத்துகிற வேலை, அதுவும் நாற்காலிதான். "தினமும் பக்கத்துக் குன்றுல ஏறி இறங்குங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார் மருத்துவர். மறுநாளே மனைவி மலையேறுகிற பூட்ஸ் வாங்கி வந்துவிட்டாள். தொட்டால் வெல்வெட் மாதிரி மெத்தென்றிருக்கும் நூபக் தோல்.

பிழைதிருத்துநருக்கோ குன்றைப் பார்த்தாலே பயம். பாதி வழியில் நெஞ்சு நின்றுவிட்டால்? வெளியே சொல்லவும் வெட்கம். பூட்ஸோடு வந்த காகிதத்தை எழுத்தெண்ணிப் படித்தார். அதில் வழி கிடைத்தது.

"இதை அப்படியே போட்டுட்டுப் போகக் கூடாதும்மா. தண்ணி பட்டா தோல் பாழ். பிரஷ் போட்டு, ஸ்ப்ரே அடிச்சு, ஒரு நாள் முழுக்கக் காயவைக்கணும்."

"அப்புறம் போவீங்களா?"

"அப்புறம் ரெண்டாவது பூச்சு."

மனைவி அவரையே பார்த்தாள். அவளுக்கும் பயம்தான். சண்டை போட்டால் மனுஷன் நாற்காலியோடு ஒட்டிக்கொள்வார் என்பது அவளுக்குத் தெரியும்.

"சரிங்க. ஆனா வீட்டுக்குள்ள அடிக்காதீங்க, நெடி தாங்காது. மொட்டை மாடிக்குப் போங்க."

மொட்டை மாடிக்கு எழுபத்திரண்டு படி. லிஃப்ட் கிடையாது. மழைக்காலம் வேறு, வானம் நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. பூட்ஸை மேலே வைத்துவிட்டு மூச்சிரைக்க வந்து உட்காருவார்.

"என்னங்க, தூறுது! பூட்ஸ்!"

ஓடுவார்.

"வெயில் வந்துடுச்சு. நேர் வெயில்ல காயக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மறுபடி ஓடுவார்.

"பிரஷ்ஷை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டீங்களே!"

"முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"இப்பத்தான் கண்ணுல பட்டுது."

நனைந்தால் மறுபடி பிரஷ், மறுபடி ஸ்ப்ரே. முதல் வாரம் மூன்று இடத்தில் கைப்பிடியைப் பிடித்து நின்று, அண்ணனை நினைத்துக் கண் கலங்கினார். இரண்டாம் மாதம் நிற்காமலே ஏறினார். அது அவருக்கு உறைக்கவில்லை. குன்றை ஏமாற்றிவிட்ட திருப்தியில் இருந்தார்.

மூன்று மாதம் முடிந்தது. தீர்ப்புக்குக் காத்திருக்கும் கைதி மாதிரி மருத்துவர் எதிரே உட்கார்ந்தார்.

"பரவாயில்லையே! எடை ஏழு கிலோ குறைஞ்சிருக்கு. ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கு. தினம் எத்தனை தடவை ஏறுறீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"ஆறு தடவை, டாக்டர். மழை நாள்ல எட்டு."

வீட்டு வாசலில் நின்று படிக்கட்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "எல்லாம் தெரிஞ்சேதான் செஞ்சியா?" என்றார்.

"உங்களையும் நாற்காலியிலேயே பறிகொடுக்கச் சொல்றீங்களா?"

இத்தனை நாள் பயந்தது தான் மட்டுமல்ல என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வீரம் வந்துவிட்டது.

"நாளைக்குக் காலையில குன்றுக்குப் போறோம். ரெண்டு பேரும்!"

"போகலாம். அதுக்குத்தான் எனக்கும் அதே தோல்ல ஒரு ஜோடி வாங்கி மேல காயவச்சிருக்கேன். தூறல் போடுது பாருங்க, ஓடுங்க."